சிக்ஸ்டியா, சிக்ஸ்டீனா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம் நைட் டியூட்டியின்போது, பள்ளிகொண்டாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு பெரியவருக்கு இன்சுலின் அளவு கேட்க டாக்டருக்குப் போன் செய்தேன். ‘சிக்ஸ்டி யூனிட்’ என்றுதான் என் காதில் விழுந்தது. கேஸ் ஷீட்டில் முந்தைய நாள் அளவு 16 யூனிட் என்று இருந்தது. பெரியவர் இரவு ஒரு இட்லிக்கு மேல் சாப்பிடவும் இல்லை. சீனியர் சிஸ்டரிடம் சொன்னேன். ‘டாக்டர் சொன்னதைப் போடு, இந்நேரத்தில் மறுபடி அவரை எழுப்பாதே’ என்றார். மனம் கேட்காமல் மறுபடியும் போன் செய்தேன். டாக்டர் கடுமையாகக் கோபித்துக்கொண்டார். ஆனால் ‘சிக்ஸ்டீன்’ என்றார். அன்றிலிருந்து வார்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்தது கடமையா, திமிரா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கடமைதான், அம்மா. இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. சாதாரண இன்சுலின், தோலுக்கடியில் போட்ட அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். சரியாகச் சாப்பிடாத ஒரு முதியவருக்கு 60 யூனிட் போயிருந்தால், வார்டு விளக்குகள் அணைந்து எல்லோரும் கண்ணயரும் வேளையில் அவருடைய சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும்; நினைவு தப்பிக் கிடப்பவரைப் பார்த்து, ‘அசந்து தூங்குகிறார்’ என்றே துணைக்கு வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆனாலும் உங்கள் சீனியரைக் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பணியில் இருந்த 22 செவிலியர்களுக்கு, அவர்கள் முன்பின் பார்த்திராத ஒரு ‘டாக்டர்’ தனித்தனியே போன் செய்து, குறிப்பிட்ட நோயாளிக்கு ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். 10 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று மருந்துப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. இருந்தும் 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தார்கள். அது தீங்கற்ற போலி மருந்து என்பதாலும், வழியிலேயே அவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டதாலும் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. இதே நிலைமையை வேறு செவிலியர்களிடம் வாயால் விவரித்து, ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் ‘கொடுக்க மாட்டோம்’ என்றே சொன்னார்கள். கேள்வித்தாளில் எல்லோருக்கும் தைரியம் இருக்கிறது. போனை வைத்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

1977-இல் ரேங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதையே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். இம்முறை எல்லோருக்கும் பழக்கமான, பதற்றம் தணிக்கும் வேலியம் மருந்து, பெயர் தெரிந்த டாக்டர், கலந்து பேசப் பக்கத்தில் சக செவிலியர்கள். 18 பேரில் 2 பேர் மட்டுமே அந்த அதிக அளவைக் கொடுக்கத் தயாரானார்கள். அந்த 16 பேரும் பிறவியிலேயே துணிச்சல்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. மருந்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘இது சரியா, பாருங்களேன்’ என்று கேட்க ஆளும் இருந்தது. உங்களுக்கு அன்றிரவு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. அப்படியும் போனை எடுத்தீர்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் வேலூரில், ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில், 1909-இலேயே செவிலியர் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. சொன்னதைச் செய்வது மட்டுமே வேலை என்றால், உங்களுக்கு மருந்தியலும் உடலியங்கியலும் கற்பிக்க வேண்டிய தேவையே இல்லை. நான் மாணவியாக இருந்தபோது எங்கள் வார்டு சிஸ்டர், பொட்டாசியம் குளோரைடு மருந்து அடைத்த சிறு குப்பியை, அதாவது ஆம்ப்யூலை, அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, மருந்தை இழுக்கும் முன் ஒரு முறை, வெற்று ஆம்ப்யூலைப் போடும் முன் ஒரு முறை என்று, உதடு அசைய லேபிளைப் படிப்பார். முப்பது வருட அனுபவம் உள்ளவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாரே என்று எங்களுக்கு அப்போது வியப்பாக இருக்கும். ஊசிக்குரிய தண்ணீர் ஆம்ப்யூல் போலவே இருக்கும் அந்த மருந்தை, கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பது புரிந்தபோது வியப்பு போய்விட்டது.

இன்சுலினிலும் அதே கவனம் வேண்டும். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி, 100 யூனிட் உள்ள குப்பி இரண்டுமே நம் நாட்டில் புழங்குகின்றன. முதலாவதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 40 யூனிட். அளவைச் சரியாகக் கேட்டு வாங்கிய பிறகும் இந்தத் தவறு நடக்கலாம்.

இனிப் போனில் அளவு வாங்கும்போது, எழுதியதை இலக்கம் இலக்கமாகப் படித்துக் காட்டுங்கள்: ‘ஒன்று, ஆறு, பதினாறு யூனிட், சரியா டாக்டர்?’ மறுபடி கூப்பிட நேர்ந்தால், இப்போதைய சர்க்கரை, சாப்பிட்டது எவ்வளவு, நேற்றைய அளவு ஆகிய மூன்றையும் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் அந்த விவரங்களைக் கேட்டதும் நிதானத்துக்கு வந்துவிடுவார்.

சீனியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ‘அக்கா, நாளைக்கு நான் தப்பாக ஊசியை எடுத்தால் நீங்கள் என் கையைப் பிடிக்க வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் இப்படிப்பட்ட சம்பவங்கள் தொடர்ந்தால், தேதியும் நேரமும் போட்டு எழுதி, நர்சிங் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த டோனி ஹாஃப்மன் என்ற செவிலியர், ஓர் அறுவை மருத்துவரின் நோயாளிகளுக்கு நேர்ந்ததை மேலிடத்துக்கு எழுதியும் பயன் இல்லாமல், 2005-இல் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடமே கொண்டுபோனார். விசாரணை ஆணையம் அமைந்தது. அவர் பேச்சு எடுபட்டதற்கு, எழுதி வைத்திருந்ததும் ஒரு காரணம்.

கேள்வி: பக்கத்துக் கட்டில்காரரின் ரத்த அழுத்த மாத்திரையை வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டேன். இருவருக்கும் ஒரே பெயர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. சொல்லத்தான் வேண்டுமா?
– ஒரு செவிலியர், ஆற்காடு

பதில்: சொல்ல வேண்டும். இனி இப்படி நேர்ந்தால், அந்த நிமிடமே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையால் அழுத்தம் இறங்கி, இரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் தலைசுற்றி விழலாம் என்பதால், அவரை யாராவது கவனித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். உங்களுக்குத் திட்டு விழும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னால்தான், ஒரே பெயருள்ள இருவரை அடுத்தடுத்த கட்டிலில் போட்டிருக்கிறார்கள் என்பதே இன்சார்ஜ் சிஸ்டருக்குத் தெரியவரும். இல்லையென்றால் நாளை இரவு வேறொரு சிஸ்டர் அதே தவறைச் செய்வார். அத்துடன், ‘நீங்கள்தானே முருகன்?’ என்று கேட்டு மாத்திரை கொடுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ‘ஆமாம்மா’ என்றுதான் சொல்வார். ‘உங்கள் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன?’ என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.