நாகவல்லி பேசினது யாரு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மலையாளப் படம் 'மணிச்சித்ரத்தாழ்' பாத்ததுல இருந்து எங்க வீட்ல ஒரே சண்டை. ஷோபனாவுக்கு படம் முழுக்க பாக்யலட்சுமிதான் டப்பிங்னு நான் சொல்றேன், நாகவல்லி குரல் வேற ஆளுன்னு என் தம்பி அடிச்சு சொல்றான். யாரு சொல்றது சரி?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தம்பிதாங்க ஜெயிச்சாரு. படத்துல ஷோபனாதான் கங்கா, அவ தன்னையே நாகவல்லின்னு நெனச்சுக்குவா. கங்காவா மலையாளத்துல பேசுறது பாக்யலட்சுமி. நாகவல்லி தஞ்சாவூர்ல இருந்து வந்த நாட்டியக்காரி, தமிழ்தான் பேசுவா, அந்த தமிழ் வசனத்துக்கு குரல் குடுத்தது துர்காங்கிற தமிழ் டப்பிங் கலைஞர். படம் வந்தது 1993-ல, இருபது வருஷத்துக்கும் மேல ஊர்ல பாதிப்பேரு ரெண்டும் ஒரே ஆளுன்னுதான் நெனச்சுட்டு இருந்தாங்க, அப்புறம் டைரக்டர் ஃபாசிலே விஷயத்தை சொன்னதுக்கு அப்புறம்தான் துர்கா பேரு வெளிய தெரிஞ்சுது. கல்யாணம் ஆகப்போற அல்லிக்கு நகை வாங்க கிளம்புற சீனை இன்னொரு தடவை கண்ணை மூடிட்டு கேளுங்க. கங்கா சாதாரணமாத்தான் ஆரம்பிப்பா, புருஷன் நகுலன் போகக்கூடாதுன்னு சொன்னதும் முறுக்கிக்குவா, கோபம் ஏற ஏற மலையாளம் போய் தமிழ் வரும், கட்டிலைத் தூக்கிடுவா. பேசுறது ரெண்டு பொம்பளைங்க, ஆனா எந்த எடத்துல ஒட்டு போட்டாங்கன்னு நம்ம காதுக்கு தெரியவே தெரியாது, அதுக்காகவே ரெண்டு பேரையும் கும்புடலாம். ஷோபனாவுக்கு அந்த படத்துக்கு தேசிய விருது கெடச்சது ரொம்ப நியாயம், எனக்கு அதுல மாத்துக்கருத்தே இல்ல. ஆனா துர்கா பேரு இத்தனை வருஷம் யாருக்குமே தெரியாம இருந்தது இப்ப நெனச்சாலும் மனசு ஆறல.

கேள்வி: பாக்யலட்சுமி மெட்ராஸ்லயே வளந்தவங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?
– வாசகர், கோவை

பதில்: நிஜம்தாங்க. சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்துட்டாங்க, கொஞ்ச நாள் ஆதரவில்லாத பிள்ளைங்க இல்லத்துல இருந்தாங்க, அப்புறம் சொந்தக்காரங்களோட மெட்ராஸுக்கு வந்துட்டாங்க. அப்பல்லாம் மலையாளப் பட வேலை பாதிக்கு மேல கோடம்பாக்கத்துலதான் நடக்கும், அதனால பத்து வயசு வாக்குலயே குழந்தைங்களுக்கு டப்பிங் பேச போயிட்டாங்க. அதாவது வீட்டு நெலமை தள்ளுன வேலை, ஆசைப்பட்டு போனது இல்ல. 1984-ல 'நோக்கெத்தா தூரத்து கண்ணும் நட்டு' வந்துச்சு, நதியாவோட முதல் படம், நம்ம 'பூவே பூச்சூடவா'வோட மூலப்படம், அதுல நதியாவுக்கு பேசுனதுக்கு அப்புறம் எல்லா ஹீரோயினுக்கும் இவங்க குரல்தான் வேணும்னு ஆயிடுச்சு. வாழ்க்கையில பட்டதை எல்லாம் 'ஸ்வரபேதங்கள்'னு சுயசரிதையா எழுதினாங்க, அதுக்கு கேரள சாகித்ய அகாதமி விருதும் கெடச்சுது. மலையாளம் படிக்க தெரிஞ்ச ஃப்ரெண்டு யாராவது இருந்தா பக்கத்துல உக்கார வச்சு படிக்க சொல்லியாவது கேளுங்க.

கேள்வி: 'தேவாசுரம்' படத்துல நம்ம நெப்போலியன் சொந்தக்குரல்லயா பேசினாரு?
– வாசகர், திருச்சி

பதில்: இல்ல, அந்த மலையாளப் படத்துல அவர் நடிச்ச முண்டக்கல் சேகரனுக்கு பேசினது ஷம்மி திலகன், நடிகர் திலகனோட பையன். 'ஒடியன்'ல பிரகாஷ்ராஜுக்கும் அவர்தான், அதுக்கு 2018-க்கான கேரள அரசு விருது வாங்கினாரு. இன்னொன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க, மம்மூட்டி ஆரம்ப காலத்துல நடிச்சப்போ அவருக்கே சீனிவாசன் டப்பிங் பேசியிருக்காரு!

கேள்வி: உதடு அசையிறதை பாத்து பேசுறதுதானே, அதுல அப்படி என்னக்கா கஷ்டம்?
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, உதடு சேர்றது கொஞ்ச நாள் பழகினா வந்துரும். மூச்சுதான் பெரிய வேலை. திரையில ஒருத்தி மாடிப்படி ஏறி ஓடிவந்து அழுதுகிட்டே பேசுறான்னு வைங்க, இங்க நீங்க ஏசி ரூம்ல மைக்குக்கு முன்னாடி ஆடாம அசையாம நிக்கணும், கையைக் கூட வீச முடியாது, வளையல் சத்தம் விழுந்துரும். ஆனா குரல்ல அந்த இரைப்பு இருக்கணும், தொண்டை அடைக்கணும், அழுகைக்கு நடுவுல மூக்கை உறிஞ்சுறது கூட அந்த நடிகை உறிஞ்சுன எடத்துலயே விழணும். ஃபிலிம் காலத்துல இன்னும் மோசம், சீனை துண்டு துண்டா வெட்டி, லூப் போட்டு திரும்பத் திரும்ப ஓட்டுவாங்க, எல்லாரும் ஒரே மைக்கை சுத்தி நின்னு பேசணும், ஒருத்தர் தப்பு பண்ணா மொத்தப் பேரும் முதல்ல இருந்து வரணும். இப்ப தனித்தனி ட்ராக், தப்பான வரியை மட்டும் திருப்பி எடுத்துக்கலாம். வேலை சுலபமாச்சு, ஆனா எதிர்ல ஆள் இல்லாம சண்டை போடணும், கொஞ்சணும், கெஞ்சணும், அது வேற மாதிரி கஷ்டம்.

கேள்வி: டப்பிங் கலைஞர்களுக்குன்னு விருது எதுவும் கிடையாதா? இப்ப நடிகைங்களே சொந்தமா பேசுறாங்களே, இந்த தொழில் நிக்குமா?
– வாசகி, தென்காசி

பதில்: தேசிய விருதுல டப்பிங்குக்குன்னு தனிப்பிரிவு இல்ல, அது எனக்கு பெரிய வருத்தம். கேரள அரசு 1991-லயே டப்பிங் விருது குடுக்க ஆரம்பிச்சிடுச்சு, முதல் விருது பாக்யலட்சுமிக்குத்தான், நம்ம அமலா நடிச்ச படங்களுக்கு பேசினதுக்கு. சொந்தக்குரல்ல பேசுற நடிகைங்க கூடிட்டாங்கங்கிறது உண்மை, அது நல்லதும்கூட. ஆனா வேற மொழியில இருந்து வர்ற நடிகைக்கு ஆள் வேணும், ஒரு படத்தை அஞ்சு மொழியில ரிலீஸ் பண்றாங்களே, ஒவ்வொரு மொழிக்கும் தனி ஆளுங்க வேணும். மலையாளப் படம் 'அனியத்திப்ராவு'ல ஷாலினிக்கு பேசின ஸ்ரீஜா ரவி இன்னைக்கும் மதிப்பா பேசப்படுற கலைஞர், அவங்க பொண்ணு ரவீனாவும் இதே தொழிலுக்குத்தான் வந்தாங்க, 'ஐ' படத்துல எமி ஜாக்சனுக்கு பேசினாங்க, இப்ப நடிக்கவும் செய்றாங்க. அடுத்த தடவை டப்பிங் படம் பாக்கும்போது கடைசி டைட்டில் ஓடுறப்போ டிவியை ஆஃப் பண்ணாதீங்கம்மா, அதுல குரல் குடுத்தவங்க பேரு வந்திருக்கான்னு பாத்து எனக்கு எழுதி அனுப்புங்க, நம்ம பக்கத்துல போடுவோம்.