ரீட்ஃபைல்சிங்க் எங்கே இருக்கலாம், எங்கே கூடாது?

கேள்வி: அக்கா, பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நோட்.ஜேஎஸ்ஸில் கோப்பைப் படிக்க ரீட்ஃபைல்சிங்க்தான் எளிதாக இருக்கிறது. அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. நோட்டில் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலை. சிங்க்கில் படித்தால், படித்து முடியும்வரை மற்ற எல்லாம் நிற்கும். ஒரு கோப்பைப் படிக்க 20 மில்லிவினாடி ஆகிறது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் சிங்க்கில் படிக்கிறீர்கள் என்றால், வினாடிக்கு 50 பேருக்கு மேல் அந்த சர்வரால் பதில் சொல்ல முடியாது. சிபியு சும்மா இருந்தாலும் அதே கதைதான்.

நானே இதில் அடிபட்டிருக்கிறேன். இங்கே ஒரு கோயிலின் தைப்பூசப் பால்குடப் பதிவுக்குத் தளம் செய்து கொடுத்தேன். ரசீது வார்ப்புருவை ஒவ்வொரு பதிவுக்கும் சிங்க்கில் படித்தேன். பதிவு திறந்த காலையில் எல்லோருக்கும் திரை உறைந்து நின்றது. அசிங்க்குக்கு (கோப்பு வரும்வரை மற்ற வேலைகளைத் தொடரவிடும் முறை) மாற்றி நான் அதைச் சரிசெய்யவில்லை. சர்வர் தொடங்கும்போதே, அதே சிங்க்கில், ஒருமுறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் காத்திருக்க யாரும் இல்லையே! தொடக்கத்திலும், நீங்கள் மட்டும் ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட்டிலும் சிங்க் தாராளமாக இருக்கலாம்.

கேள்வி: அசிங்க்குக்கு மாற்றிய பிறகும் எங்கள் அலுவலக சர்வர் திணறுகிறது. ஏன்?

பதில்: இரண்டு இடங்களைப் பாருங்கள். கோப்பு வேலைகளை நோட்டுக்குள் இருக்கும் லிப்யுவி நூலகம் தன் த்ரெட் பூலுக்கு, அதாவது பின்னணி த்ரெட்களின் குழுவுக்கு, அனுப்புகிறது. அதில் இருப்பவை இயல்பாக 4 த்ரெட்தான். கடவுச்சொல்லை ஹாஷ் செய்யும் பிபிகேடிஎஃப்2, ஜிசிப் சுருக்கம், தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் லுக்அப் ஆகியவையும் அதே நான்கில்தான் இடம் பிடிக்கின்றன. யுவி_த்ரெட்பூல்_சைஸ் என்ற சூழல் மாறியால் அதைக் கூட்டலாம். அப்புறம், கோப்பை அசிங்க்கில் படித்தாலும், ஜேசன் உரையை ஜாவாஸ்கிரிப்ட் தரவாக மாற்றும் ஜேசன்.பார்ஸ் முக்கிய த்ரெட்டில்தான் ஓடும். பெரிய ஜேசன் கோப்பு என்றால் பெரும்பாலும் அதுதான் பிரச்சினை.

கேள்வி: ஃபார்ஈச்சுக்குள் அவெய்ட் போட்டேன். கோப்புகள் எழுதி முடியும் முன்பே "முடிந்தது" என்று வருகிறது.

பதில்: ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது. அதற்குப் பதில் ஃபார்-ஆஃப் லூப் எழுதுங்கள், அதில் அவெய்ட் காத்திருக்கும்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் 2 ஜிபி லாக் கோப்பைப் பதிவிறக்க வேண்டும். ரீட்ஃபைல் போதுமா அண்ணி?

பதில்: போதாது. அது அசிங்க் என்றாலும் முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றப் பார்க்கும். பத்துப் பேர் ஒன்றாக வந்தால் சர்வர் படுத்துவிடும். கிரியேட்ரீட்ஸ்ட்ரீம் இயல்பாக 64 கேபி துண்டுகளாகப் படிக்கும். வாங்குபவரின் இணைப்பு மெதுவாக இருந்தால் படிப்பதும் நிதானிக்க வேண்டும், அதற்கு அந்த ஸ்ட்ரீமை நோட்டின் பைப்லைன் ஃபங்ஷன் வழியாகப் பதிலோடு இணைத்துவிடுங்கள். பாதியில் அவர் உலாவியை மூடினாலும் திறந்த கோப்பை பைப்லைனே மூடிவிடும்.