படிக்க வைத்தது யார்?

கேள்வி: "நான்தான் உன்னைப் படிக்க வைத்தேன்" என்கிறார் அப்பா. பாடம் சொல்லித் தந்ததோ டீச்சர். இதில் யார் சொல்வது சரி?
- வாசகி, மன்னார்குடி

பதில்: நம் வழக்கில் 'படிக்க வைத்தேன்' என்றால் ஃபீஸ் கட்டினேன், சோறு போட்டேன், வயல் வேலைக்குக் கூப்பிடாமல் விட்டேன் என்றுதான் அர்த்தம், அதனால் அப்பா சொல்வது சரிதான். என் அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து என்னைப் படிக்க வைத்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. டீச்சர் செய்ததற்கு வேறு சொல் இருக்கிறது, கற்பித்தல். 'கல்' என்பதன் பிறவினை, அதாவது கற்கும்படி செய்வது. அகராதியில் அதே பக்கங்களில் 'கல்லுதல்' என்றும் ஒரு சொல் உண்டு, தோண்டுதல் என்று பொருள். அதைப் பார்த்த பிறகுதான் வள்ளுவரின் மணற்கேணி (குறள் 396) எனக்கு நெஞ்சில் இறங்கியது. ஊற்று மணலுக்கு அடியில் ஏற்கெனவே இருக்கிறது, நாம் தோண்டத்தான் வேண்டும். என் அக்கா முற்றத்து மணலில் என் விரலைப் பிடித்து 'அ' போட வைத்தாள், அப்புறம் சட்டென்று கையை விட்டுவிட்டு, "இப்ப நீயே போடு" என்றாள். கோணலாகத்தான் வந்தது. அவள் அதை அழிக்கவில்லை.