பட்டனுக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் மஞ்சள் விலை, கூட்ட அறிவிப்பு எல்லாம் வாட்ஸ்ஆப்பில் போடுகிறோம். உறுப்பினர் ஒருவருக்குக் கண் தெரியாது. அவர் போன் ‘படம்’ என்று மட்டும் சொல்கிறதாம், பிடிஎஃப் என்றால் ஏதோ உளறுகிறதாம். இணையதளத்தில் ஒரு பட்டன் பொருத்தினால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் வருடச் சந்தா கேட்கிறார். கட்டலாமுங்களா?

பதில்: வேண்டாம். உங்கள் உறுப்பினர் திணறுவது வாட்ஸ்ஆப்பில். இணையதளத்துப் பட்டன் அங்கே என்ன செய்யும்? அவர் போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ஏற்கெனவே பேசுகிறது, அதற்குப் படிக்க எழுத்து வேண்டும், அவ்வளவுதான். விரலி மஞ்சள் குவிண்டால் இவ்வளவு, கிழங்கு மஞ்சள் இவ்வளவு என்று டைப் செய்து அனுப்புங்கள்.

பிடிஎஃப் உளறுவது பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவால். திரையில் நமக்கு ‘ம’ தெரியும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில ‘கே’. போன் அதைத்தான் வாசிக்கும். எல்லாப் போனுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-ல். இன்றைக்கும் அலுவலகங்களிலிருந்து ஸ்கேன் செய்த தாள்தான் வருகிறது. இத்தனை வருடம் போதாதா?

சீல், கையெழுத்தோடு வரும் அறிவிப்பைப் படமாகத்தான் போட்டாக வேண்டும், சரி. அப்போது படத்தின் கீழேயே முழு வாசகத்தையும் எழுதுங்கள். ‘விவரம் படத்தில்’ என்ற வரி உதவாது. தேதி, நேரம், இடம், தொகை, கையெழுத்திட்டவர் பெயர் எல்லாம் வரவேண்டும். தனிச் செய்தியாகப் பிறகு போட்டால் குரூப்பில் வரும் காலை வணக்கங்களுக்கு நடுவே அவர் அதைத் தேடி அலைய வேண்டும். குரல் பதிவு மட்டும் போட்டால் காது கேளாத உறுப்பினர் விடுபட்டுப் போவார்.

அந்தப் பட்டன்காரர் அடுத்து சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார். சட்டம் இருப்பது உண்மை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பட்டன் வாங்கு என்று இரண்டுமே சொல்லவில்லை. இப்படிப்பட்ட பட்டனை விற்ற ஆக்சஸிபி கம்பெனி, எந்தத் தளத்தையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துவதற்கான விதிக்கு ஏற்றதாக்கிவிடும் என்று பொய் வாக்குறுதி கொடுத்ததாக 2025-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. கண் தெரியாதவர்களின் பெயரைச் சொல்லிச் சம்பாதித்துவிட்டு, அவர்களை நின்ற இடத்திலேயே விட்டுப்போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இணையதளத்தையும் சரிசெய்யத்தான் வேண்டும். அதை உருவாக்கியவரையே கூப்பிட்டு, உங்கள் உறுப்பினரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் போனிலேயே அன்றைய விலையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதைத்தான் திருத்த வேண்டும். திருத்திய பிறகு அவர் மறுபடி பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பாக்கித் தொகையைக் கொடுக்காதீர்கள்.