வாசகர் கேள்வி – பதில்: சிறுதொகையும் செருப்புப் பெட்டியும்

கேள்வி: எங்கள் பகுதித் தொண்டு அமைப்பு ஒன்றுக்கு வசதி படைத்தவர்கள் பெருந்தொகை தருகிறார்கள். மாதச் சம்பளக்காரனாகிய நான் தரக்கூடிய சிறுதொகை அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்குமா?

பதில்: நிச்சயமாக இருக்கும். பெருங்கொடை பெரும்பாலும் கட்டடத்துக்கு, வாகனத்துக்கு என்று வரையறுக்கப்பட்டே வருகிறது. அதை எடுத்து வேறு செலவைச் சமாளிக்க அமைப்புக்கு உரிமை கிடையாது. வாகனம் வந்து வாசலில் நின்றுவிடும். ஓட்டுநரின் சம்பளத்தையும் எரிபொருளையும் காப்பீட்டுத் தவணையையும் யார் ஏற்பது? கட்டடத்தின் கல்வெட்டில் கொடையாளியின் பெயரைப் பொறிக்கலாம், மின்கட்டண ரசீதில் பொறிக்க இயலாது என்பதாலோ என்னவோ, அன்றாடச் செலவுக்குக் கொடுக்க முன்வருபவர்கள் குறைவு. அந்த இடத்தைத்தான் நிபந்தனையின்றி மாதந்தோறும் வரும் சிறுதொகைகள் நிரப்புகின்றன. 100 பேர் தருகிற இடத்தில் இருவர் நின்றுவிட்டாலும் பணி தடைபடாது. ஒரே கொடையாளியை நம்பியிருக்கும் அமைப்போ, அவர் தொழில் நொடித்த ஆண்டில் தானும் தள்ளாடும். மாதத்தின் குறிப்பிட்ட நாளில் தொகை தானாகவே போய்ச் சேருமாறு வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டு, ‘எந்தச் செலவுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று அமைப்புக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரியின் அருமை, கணக்கு எழுதுபவருக்குத் தெரியும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்காளர். முதியோர் இல்லம் ஒன்றுக்குத் தொண்டு செய்யப் போனேன். மூன்று நாள் நாற்காலிகளை அடுக்கிவைத்தேன். பிறகு வேலையில்லை என்றார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடமில்லையா?

பதில்: நாற்காலி அடுக்க வரும் கைகள் ஏராளம். அந்த இல்லத்தின் அலுவலக அறைக்குள் சென்று, ரசீதுகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தேதி வாரியாகக் கோக்கப்படாமல் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அவை மடிந்து கிடந்தால், உங்களுக்கான இடம் அதுதான். கணக்கு ஒழுங்காக இல்லாத அமைப்புக்குப் பெரிய அறக்கட்டளைகளின் நிதியுதவி கிடைப்பது கடினம். அவ்வாறே, வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துச் சொல்லும் வழக்கறிஞரும், பழைய மின்கம்பிகளைச் சோதித்துத் தரும் மின்பணியாளரும், வேறு எவராலும் எளிதில் தர முடியாததைத் தருகிறார்கள்.

1859 ஜூன் 24 அன்று இத்தாலியில் சோல்ஃபெரினோ போர் முடிந்தபோது, காயம்பட்ட வீரர்கள் அருகிலிருந்த காஸ்டிலியோனே என்னும் சிற்றூரில் வந்து குவிந்தார்கள். தொழில் நிமித்தமாக அப்பக்கம் வந்திருந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஆன்றி துனான் உதவியைத் திரட்ட, ஊர்ப் பெண்கள் எந்தப் படையினர் என்று பாராமல் பணிவிடை செய்தார்கள்; சிறுவர்கள் தண்ணீர் சுமந்தார்கள்; வெளியூர் வணிகர் ஒருவர் காயங்களுக்குக் கட்டுப் போட்டதோடு, இறந்துகொண்டிருந்தவர்கள் சார்பில் அவர்களின் குடும்பங்களுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட அந்த நாட்களில், எழுதத் தெரிந்த ஒரு கையும் மருந்தைப் போலவே தேவைப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது கணக்கு எழுதத் தெரிந்த கை. அழைக்கட்டும் என்று காத்திராமல், வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் வருவீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்; சொன்ன நாளில் தவறாமல் போங்கள். வருவதாகச் சொல்லி வராத தொண்டரைவிட, வர இயலாது என்று முன்பே சொல்லிவிடுபவர் மேல்.

கேள்வி: வீட்டில் மீந்த மருந்துகளையும் பழைய துணிகளையும் தரலாமா?

பதில்: மருந்து வேண்டாம். நோயாளிக்கு ஒருமுறை வழங்கப்பட்டுத் திரும்பி வந்த மருந்தைக் கொடையாகத் தரக்கூடாது என்றே உலக சுகாதார அமைப்பு 1996-இல் வெளியிட்ட மருந்துக் கொடை நெறிமுறைகள் கூறுகின்றன. பாதி பிரித்த மாத்திரை அட்டை எந்த வெப்பத்தில் கிடந்தது என்பதை யாரால் உறுதிசெய்ய முடியும்? துணிகளைத் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுக்கலாம். இல்லையேல் அந்த வேலை அங்குள்ள தொண்டர்களின் தலையில் விழும். எதை அனுப்புவதானாலும் முன்னதாகத் தொலைபேசியில் கேளுங்கள். அலமாரி நிறைந்துவிட்டது என்று அவர்கள் சொன்னால் வருத்தப்படாதீர்கள்.