காவலருக்கு மஃப்ளர் வேண்டாம், குல்லா பின்னுங்கள்

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். இந்த ஆண்டுதான் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) கற்றுக்கொண்டேன். புத்தாண்டுக்கு 11 பேருக்கு என் கையால் மஃப்ளர் பின்னிக் கொடுக்க ஆசை. குடியிருப்பின் இரவுக் காவலர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, எதிர்வீட்டுப் பஞ்சாபி மாமி, தங்கையின் 4 மாதக் குழந்தை, கும்பகோணத்தில் இருக்கும் மாமனார், மகளின் ஆசிரியைகள் என்று பட்டியல் நீள்கிறது. முதல் மஃப்ளரே போகப் போகக் குறுகி, அட்டைபோல் விறைத்து நிற்கிறது. "சரோஜினி நகரில் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, இதை யார் போடுவார்கள்?" என்கிறாள் மகள். தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

பதில்: தொடருங்கள், சகோதரி. ஆனால் 11 பேரை முதலில் குறையுங்கள். யாருக்கு நிஜமாகவே குளிர்கிறதோ அவர்கள் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். ஆசிரியைகளுக்கு நல்ல பேனா போதும். பஞ்சாபி மாமியையும் எடுத்துவிடுங்கள். டிசம்பர் வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடும்பத்துக்கே ஸ்வெட்டர் பின்னிய தலைமுறை அது. உங்கள் மஃப்ளரைக் கையில் வாங்கியதும் தையலைத்தான் எண்ணுவார். லோஹ்ரிப் பண்டிகை முடிந்த கையோடு அவர் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் போகட்டும். சந்தேகம் கேட்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

தேதியும் உங்களை விரட்டவில்லை. டெல்லியின் கடுங்குளிர் டிசம்பர் கடைசியில் இறங்கி ஜனவரி பாதியைத் தாண்டியும் நிற்கும். புத்தாண்டுக்கு முடியாதது பொங்கலுக்குப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரவுக் காவலர்தான் முதல் ஆள். அவருக்கு மஃப்ளர் கூடாது, குல்லாதான் என்பேன். நடு இரவில் சுள்ளியும் அட்டையும் போட்டுக் குளிர்காய்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொங்கும் நுனி அந்த நெருப்புக்கு ஆகாது. அதோடு, கடையில் 'உல்லன்' என்று கொடுக்கும் நூல்கண்டுகளில் பல முழு அக்ரிலிக். அது பிளாஸ்டிக் இழை; எளிதில் பற்றும், உருகித் தோலில் ஒட்டும். ஆட்டுக் கம்பளி சட்டென்று பற்றாது, உருகவும் உருகாது. ஆகவே இவருக்கு மட்டும் செலவைப் பார்க்காமல் கம்பளி நூலே வாங்குங்கள். குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் விரித்து உலர்த்த வேண்டும் என்று இந்தியில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகும். மாசுக் கட்டுப்பாடு கடுமையாகும் நாட்களில் காவலர்களுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டியது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. அதைக் கூட்டத்தில் கேளுங்கள். உங்கள் குல்லா அதற்கு ஈடாகிவிடக் கூடாது.

ஆண்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 56 முதல் 58 செ.மீ. இருக்கும். குல்லா அதைவிட 3, 4 செ.மீ. குறைவாக இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும். உச்சியிலிருந்து வட்டமாகப் பின்னி, வட்டத்தின் குறுக்களவு 17 செ.மீ. வந்ததும் தையல் கூட்டுவதை நிறுத்துங்கள். அதன்பின் தானாகக் கீழே இறங்கும். டபுள் குரோஷா தையலில் ஓட்டைகள் பெரிது, காற்று நுழையும். அதைவிடக் குட்டையான ஹாஃப் டபுள் தையலில் பின்னி, காதை மூடும் இடத்தை இரண்டு மடிப்பாக விடுங்கள்.

நூல் மிஞ்சினால் விரலில்லாத கையுறை. அவர் பதிவேட்டில் வண்டி எண் எழுத வேண்டும், கைபேசியை அழுத்த வேண்டும், விரல் வெளியே இருந்தே ஆக வேண்டும். 18 செ.மீ. சதுரமாகக் கைக்கு ஒன்று என்று இரண்டு துண்டு பின்னி, ஒவ்வொன்றையும் மடித்து, கட்டைவிரலுக்கு 4 செ.மீ. இடம் விட்டு ஓரத்தை இணைத்தால் முடிந்தது. புதிதாகக் கற்றவருக்கு மஃப்ளரைவிட இதுவே எளிது, யாரும் சொல்லித்தருவதில்லை.

மஃப்ளர் ஆசையை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். வாளித் துணியோடு துவைபடும் என்பதால் இதற்கு அக்ரிலிக்கே சரி; இஸ்திரிப் பெட்டி மட்டும் படக் கூடாது. குறுகுவதற்குக் காரணம், வரிசையின் கடைசித் தையலை விட்டுவிடுகிறீர்கள். முதல் தையலிலும் கடைசித் தையலிலும் வேறு நிற நூலைக் கோத்து அடையாளம் வைத்து, வரிசைதோறும் எண்ணுங்கள். விறைப்புக்குக் காரணம் சிறிய ஊசி. 4 மி.மீ. ஊசியில் பின்னியிருந்தால் 5.5க்கு மாறுங்கள், துணி தளர்ந்து விழும். நூல்கண்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில், லேபிளில் ஒரே சாய எண் பார்த்து வாங்குங்கள். அடுத்த வாரம் அதே சிவப்பு வேறு சிவப்பாக இருக்கும்.

மகள் விலையைச் சரியாகத்தான் சொல்கிறாள். அந்த 200 ரூபாய் மஃப்ளர் இயந்திரத்தில் பின்னியது. குரோஷாவை அப்படிப் பின்ன இயந்திரம் இல்லை. நடைபாதையில் குரோஷா குல்லா 200 ரூபாய்க்குத் தொங்கினால், அதையும் யாரோ ஒரு பெண் ஊசி பிடித்துத்தான் பின்னியிருப்பாள். அவளுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று உங்கள் மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

மாமனாருக்குப் பருத்தி நூலில் மெல்லிய மஃப்ளர் ஒன்று. மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகிறவர்கள் 20 டிகிரிக்கே காதைக் கட்டிக்கொள்வார்கள்; டெல்லிக் கம்பளியைக் கட்டினால் மனிதருக்கு வேர்த்துவிடும். இதை மட்டும் மார்கழி பிறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள்.

குழந்தைக்குக் குல்லா மட்டும்: பொத்தான், பந்து, கயிறு எதுவும் வேண்டாம், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். கையுறை பின்னவே பின்னாதீர்கள். உள்ளே தளர்ந்த ஓர் இழை பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் வெளியே தெரியாது. எந்தப் பொருளாக இருந்தாலும் கடைசியில் 15 செ.மீ. நூலை விட்டுக் கத்தரித்து, முன்னும் பின்னுமாக மூன்று முறை உள்ளே கோத்து மறையுங்கள். வெறும் முடிச்சு இரண்டு துவையலில் அவிழ்ந்துவிடும்.