சூப்பர் மரியோ வீடியோ விளையாட்டுத் தொடர் முப்பரிமாணத்துக்கு வந்தபோது உண்மையில் எது மாறியது?

தாவுவதற்கான கணக்குதான் மாறியது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்ட வீடுகளில் பிள்ளைகள் முறைவைத்து ஆடிய, 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் திரை வலப்பக்கம் மட்டுமே நகரும். கடந்த இடத்துக்குத் திரும்ப வழியில்லை. 1988இல் வந்த மூன்றாம் பாகம் உலக வரைபடத்தையும், 1990இல் வந்த ‘சூப்பர் மரியோ வேர்ல்ட்’ மரியோ ஏறிச் செல்லும் டைனோசரான யோஷியையும் சேர்த்தன.

முப்பரிமாணத்துக்கு மாறிய பெரிய திருப்பம் 1996இல் வந்த ‘சூப்பர் மரியோ 64’. கைக்கருவியில் எவ்வளவு சாய்க்கிறோம் என்பதை உணரும் அனலாக் குச்சியை மெல்லச் சாய்த்தால் மரியோ பூனைநடை போடுவான், முழுதும் சாய்த்தால் ஓடுவான். ஆழமுள்ள வெளியில் எங்கே இறங்குவோம் என்று கணிப்பது கடினம் என்பதால், அவன் காலுக்கு நேர்கீழே ஒரு நிழல் விழும்; அந்தச் சிறு வட்டத்தைப் பார்த்தே நாம் தாவுகிறோம், இத்தொடரின் மிக நுட்பமான வடிவமைப்பு அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். 2007இல் ‘சூப்பர் மரியோ கேலக்சி’ மரியோவைச் சிறு கோள்களைச் சுற்றி ஓடவிட்டு, ஈர்ப்பு விசையையே விளையாட்டாக்கியது.